பத்து ஆண்டுகள் நின்ற டிராக்டர்: எஞ்சினை மாற்றலாமா, பிரித்துச் சீர்செய்யலாமா?

கேள்வி: என் தந்தை 1980-களில் வாங்கிய மாஸி ஃபெர்குசன் 1035 டிராக்டர் பத்து ஆண்டுகளாகக் கொட்டகையில் நிற்கிறது. எஞ்சின் சுற்றவே இல்லை. பிரித்தால் செலவு கட்டுப்படியாகாது, பழைய எஞ்சினைக் கொடுத்துவிட்டு ஓடும் நிலையில் உள்ள வேறொன்றை மாற்றிக்கொள்ளலாம் என்கிறார் ஒரு தரகர். பெரியாறு கால்வாயில் தண்ணீர் திறப்பதற்குள் வண்டி தயாராக வேண்டும். என்ன செய்வது? (சோழவந்தான் அருகிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: எஞ்சினை மாற்ற வேண்டாம். உங்கள் எஞ்சினைப் பிரித்து அளந்து பார்க்கும்வரை எவருக்கும் முன்பணம் கொடுக்கவும் வேண்டாம். நன்றாக ஓடிக்கொண்டிருந்து நிறுத்தப்பட்ட டீசல் எஞ்சின் நின்ற இடத்திலேயே இறுகிப்போனால், பெரும்பாலும் சைலன்சர் வழியாக இறங்கிய ஈரத்தால் லைனரிலும் (பிஸ்டன் ஏறி இறங்கும் உருளைக்கூடு) பிஸ்டன் ரிங்கிலும் (பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையம்) துரு பிடித்திருக்கும். அவை இரண்டுமே மாற்றக்கூடிய பாகங்கள். மூன்று சிலிண்டர் கொண்ட அந்த எளிய எஞ்சினுக்கு உதிரிபாகங்கள் இன்றும் கிடைக்கின்றன.

முதலில், வண்டியைக் கியரில் போட்டு இன்னொரு டிராக்டரால் இழுத்துப் பார்க்கலாம் என்று யார் சொன்னாலும் தடுத்துவிடுங்கள். நல்ல எஞ்சின்கள் பல அந்த ஓர் இழுவையில்தான் பாழாகின்றன. துருவில் ஒட்டிய ரிங் உடையும், பிஸ்டனைக் கிராங்குடன் இணைக்கும் கனெக்டிங் ராடு வளையும், திறந்தபடி இறுகிய வால்வின் மேல் பிஸ்டன் மோதும். அதற்குப் பதிலாக, டீசலைப் பீய்ச்சும் நாசில்களைக் கழற்றி, டீசலும் எஞ்சின் ஆயிலும் கலந்து ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் ஊற்றிச் சில நாட்கள் ஊறவிடுங்கள். பிறகு மேல்மூடியைத் திறந்து வால்வுகள் அனைத்தும் தட்டினால் இறங்கி ஏறுகின்றனவா என்று பார்த்துவிட்டு, கிராங்க் ஷாஃப்ட்டின் (பிஸ்டன்கள் சுழற்றும் முதன்மைத் தண்டு) முன்முனை நட்டில் நீண்ட பிடியுள்ள ஸ்பானரை மாட்டி முன்னும் பின்னுமாக மெல்ல அசைக்க வேண்டும். அசையாவிட்டால் சிலிண்டர்களை மேலே மூடியிருக்கும் ஹெட்டைக் கழற்றுங்கள். அதற்கு மேல் பலம் காட்ட வேண்டாம்.

பிரித்த பிறகுதான் பணம் கசியும் இடம் வருகிறது. "எல்லாம் போய்விட்டது, முழு செட் போட வேண்டும்" என்று மெக்கானிக் சொன்னால், எந்தப் பாகம் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். பிஸ்டன் மேலே வந்து திரும்பும் இடத்தில்தான் லைனர் அதிகம் தேயும் என்பதால், மேல், நடு, கீழ் என்று மூன்று இடங்களில், உள்விட்டம் அளக்கும் போர் கேஜ் வைத்து அளக்க வேண்டும். கிராங்க் ஷாஃப்ட்டை மைக்ரோமீட்டரால் இரு திசைகளில் அளந்தால் அது வட்டம் கெட்டிருக்கிறதா என்பது தெரிந்துவிடும். அளவு சரியாக இருக்கும் கிராங்கை வெறுமனே கிரைண்டிங் செய்ய விடாதீர்கள்; ஒவ்வொரு முறை கடையும்போதும் அதன் ஆயுளில் ஒரு படி குறைகிறது. உதிரிபாகக் கடையும் லேத் பட்டறையும் மெக்கானிக்குக் கமிஷன் கொடுக்கும் வழக்கம் பல இடங்களில் இருப்பதால், பாகங்களை நீங்களே கடைக்குச் சென்று பில்லுடன் வாங்குங்கள். கழற்றிய பழைய பாகங்கள் அனைத்தும் உங்கள் வீட்டுக்கு வந்து சேர வேண்டும்.

தரகர் சொல்லும் மாற்று எஞ்சினுக்கு வருவோம். அது நியாயமாகும் நிலை ஒன்றே ஒன்றுதான்: எஞ்சினின் அடிப்படை வார்ப்பு உடலான பிளாக் கெட்டுப்போயிருப்பது. அதிலும் வெளிப்புறத் தண்ணீர் அறையில் விழுந்த சிறு விரிசலைச் சேர்க்க மாட்டேன், அதை அடைக்கத் தெரிந்த பட்டறைகள் உண்டு. லைனர் உட்காரும் இடத்திலோ கிராங்கைத் தாங்கும் மெயின் பேரிங் உட்காரும் இடத்திலோ விரிசல் இருந்து, அதை நீங்கள் கண்ணால் பார்த்து, தொடர்பில்லாத இரண்டாவது பட்டறை ஒன்றும் உறுதி செய்தால் மட்டுமே வேறு எஞ்சினைத் தேடுங்கள். அப்போதும் அது எந்த வண்டியிலிருந்து வந்தது, அந்த வண்டியின் ஆர்.சி. புத்தகத்தில் உள்ள எண்ணும் பிளாக்கில் உள்ள எண்ணும் ஒன்றா, அதன்மேல் வங்கிக் கடன் நிற்கிறதா என்பவற்றைப் பார்த்து, எண் குறிப்பிட்ட பில்லுடன் வாங்க வேண்டும். எண் ராவப்பட்டிருந்தாலோ மறுபடி அடிக்கப்பட்டிருந்தாலோ இலவசமாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள். மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 52-ஆவது பிரிவின்படி, எஞ்சின் மாற்றத்தைப் பதிவு அலுவலகத்தில் தெரிவித்து ஆர்.சி. புத்தகத்தில் ஏற்றியாக வேண்டும். இந்த வேலையைத் தரகர் ஒருபோதும் விளக்கிச் சொல்வதில்லை.

உங்கள் பதிவு 15 ஆண்டுகளில் முடிந்து, அதன்பின் 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட்டிருக்க வேண்டும். விடுபட்டிருந்தால், இப்போது புதுப்பிக்கும்போது மோட்டார் வாகன ஆய்வாளர் எஞ்சின் எண்ணையும் சேஸிஸ் எண்ணையும் பார்ப்பார் என்பதும் சொந்த எஞ்சினைக் கைவிடாதிருக்க ஒரு காரணம். இணையத்தில் விண்ணப்பித்த பிறகும் உழவர் ஒரு கையெழுத்துக்காக நாள் முழுவதும் காத்து நிற்கும் நிலை இருக்கும்வரை, அலுவலக வாசலில் இடைத்தரகர் நிற்கத்தான் செய்வார். எஞ்சினின் உயிரே தங்கியிருக்கும் லேத் வேலையின் தரத்தைச் சோதிக்கவோ முறையான ஏற்பாடு எதுவும் கண்ணில் படவில்லை.

இறுதியாக, தண்ணீர் திறப்பைக் கெடுவாக வைத்து வேலை வாங்காதீர்கள். அந்த அவசரம்தான் தரகருக்கு முதலீடு. புதிதாகக் கட்டிய எஞ்சினை டீசல் கொடுக்காமல் சுற்றவிட்டு ஆயில் அழுத்தம் ஏறுவதைப் பார்த்த பிறகே கிளப்ப வேண்டும்; ஏறத்தாழ முதல் 50 மணி நேரம் இலகுவான வேலைக்கு மட்டும் பயன்படுத்தி, ஆயிலையும் ஃபில்டரையும் மாற்ற வேண்டும். சேற்று உழவு அந்த எஞ்சினுக்கு மிகக் கடுமையான சுமை. ஆகவே இந்தப் போகத்துக்கு வேளாண்மைப் பொறியியல் துறையிடமோ அக்கம்பக்கத்திலோ டிராக்டரை வாடகைக்கு எடுத்து உழுதுகொள்ளுங்கள். அந்த இடைவெளியில் உங்கள் எஞ்சினின் அளவுகள் எழுதிய தாள் கைக்கு வந்ததும் அனுப்புங்கள். எதை மாற்றலாம், எதை வைத்துக்கொள்ளலாம் என்று குறித்துத் தருகிறேன்.