பத்துப் பொத்தான் போதாதா?

ஐயா,
அமெரிக்காவின் லூசியானா மாநிலத்துக் கறுப்பின கிரியோல் (பிரெஞ்சு மரபுச் சமூகம்) கலைஞர் அமெதே ஆர்துவானின் பதிவுகளைக் கேட்டேன். பத்தே பொத்தான் உள்ள அக்கார்டியன்! வறுமையால்தானே அதோடு நின்றுவிட்டார்? பியானோ போல் கட்டைகள் உள்ள பியானோ அக்கார்டியன் கிடைத்திருந்தால் எங்கோ போயிருப்பாரே! நான் கற்றுக்கொள்ள எதை வாங்கலாம்?
எஸ்.

அன்புள்ள எஸ்.,

வாங்குவது இருக்கட்டும். "வறுமையால்தானே" என்று எழுதினீர்களே, அதை விட முடியவில்லை. நாதஸ்வரத்தில் ஏழு துளைதானே வாசிக்க இருக்கிறது என்று பரிதாபப்படுவீர்களா?

ஆர்மோனியத்தில் ஒரு கட்டைக்கு ஒரே சுரம். ஆர்துவானின் பத்துப் பொத்தான் பெட்டியில் துருத்தியைத் தள்ளினால் ஒன்று, இழுத்தால் வேறொன்று. சி சுருதியில் அமைந்த அக்கார்டியன் என்றால் தள்ளும்போது ச, க, ப. இழுக்கும்போது ரி, ம, த, நி. எல்லாம் சங்கராபரணச் சுரங்கள். ஆக, ச-ரி-க என்று மூன்று சுரம் போவதற்கே தள்ளி, இழுத்து, மறுபடி தள்ள வேண்டும். அந்த வெட்டுதான் ஆடுகிறவர்களின் காலைக் கிளப்புகிறது. பியானோ அக்கார்டியனில் இரு திசையிலும் ஒரே சுரம்; வெட்டு தானாக வராது, நாம்தான் போட வேண்டும். பத்துப் பொத்தானிலும் ப-வை ஆதாரமாக்கினால் ஹரிகாம்போதி வந்துவிடும். ஆதாரச் சுரத்தை மாற்றி வேறு ராகம் பெறும் கிரகபேதம் என்ற சொல் தெரியாமலே அங்கே அதைச் செய்கிறார்கள்.

சத்தம் இன்னொரு காரணம். மைக் இல்லாத வீட்டு நடனங்களில் ஆட்டக்காரர்களின் காலடி ஓசையை மீறிக் கேட்க வேண்டுமே. அதனால் ஒரு சுரத்துக்கு நாலு ரீடு (காற்றில் அதிர்ந்து ஒலிக்கும் உலோக நாக்கு): கீழ் ஸ்தாயியில் ஒன்று, மத்தியில் இரண்டு, மேலே ஒன்று. பத்துப் பொத்தான், இரண்டு திசை. வலக்கைப் பக்கம் மட்டும் 80 ரீடு. இதுவா ஏழையின் பெட்டி?

ஆர்துவான் 1898-இல் பிறந்தவர். 1929 டிசம்பரில் வெள்ளைக்கார வயலின்காரர் டென்னிஸ் மெகீயுடன் முதல் பதிவு, 1934-இல் நியூயார்க்கில் கடைசிப் பதிவு. மொத்தம் 34 பாட்டு. நின்றுபோனதற்குப் பெட்டி காரணமில்லை. வியர்வை துடைக்க ஒரு வெள்ளைக்காரப் பெண் கைக்குட்டை கொடுத்தாள் என்பதற்காக அவரை அடித்து நொறுக்கினார்கள் என்று அவரை அறிந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். 1942-இல் பைன்வில் மனநல மருத்துவமனையில் இறந்தார். புதைத்த இடத்துக்கு அடையாளம்கூட இல்லை. நீங்கள் பொத்தானை எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள்!

சரி, சி சுருதியே வாங்குங்கள். ரீடுகளைத் தேன்மெழுகு வைத்துத்தான் பதித்திருப்பார்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் வைத்தால் மெழுகு இளகிக் கழன்றுவிடும். கடலோர ஊர் என்றால் ரீடு துருப்பிடித்துச் சுருதி கலையும். வாசித்து முடித்ததும் கட்டைவிரலால் காற்றுப் பொத்தானை (சுரம் ஒலிக்காமல் காற்றை வெளியே விடுவது) அமுக்கிக்கொண்டே துருத்தியை மூடுங்கள். வெறுமனே அழுத்தி மூடினால் மடிப்பு ஓரங்களில் ஓட்டை விழும்.