ஓசூரில் வேலை பார்க்கும் வெளிமாநிலத்தவருக்கு இங்கேயே குடியிருக்க உரிமை உண்டா?

உண்டு. பீகாரிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ ஓசூர் சிப்காட்டுக்கு வேலைக்கு வருபவரைப் புலம்பெயர் தொழிலாளி என்கிறோம். நாட்டுக்குள்ளேயே பிழைப்புக்காக இடம் மாறிய இந்தியக் குடிமகன் அவர். எந்தக் குடிமகனும் நாட்டின் எப்பகுதிக்கும் போகலாம், குடியேறலாம், தொழில் செய்யலாம் என்று அரசமைப்புச் சட்டத்தின் 19ஆவது பிரிவு சொல்கிறது. பொதுநலனுக்காக அரசு நியாயமான கட்டுப்பாடு விதிக்கலாம். தாய்மொழியைக் காரணம் காட்டி யாரையும் வெளியேற்ற முடியாது.

பென்னாகரம், அரூர் பக்கமிருந்து குடும்பத்தோடு பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போகிறார்களே, அவர்களுக்கு அங்கே துணை நிற்பதும் இதே பிரிவுதான். கன்னடம் தெரியவில்லை என்று நம் ஆட்களை யாராவது விரட்டினால் நமக்குக் கொதிக்கும். கொதிக்கத்தான் வேண்டும்.

பாதுகாப்புக் கவலையும் உண்மையானதே. வீட்டுக்காரர் வாடகைக்கு விடும்முன் அடையாள அட்டை கேட்கலாம். குற்றம் நடந்தால் போலீஸ் விசாரிக்கலாம். ஒருவர் வெளிநாட்டவராகவே இருந்தாலும் 21ஆவது பிரிவு தரும் உயிர்ப் பாதுகாப்பு அவருக்கும் உண்டு. கும்பலாகச் சேர்ந்து அடித்து விரட்ட எவருக்கும் அதிகாரமில்லை.

வங்காளம் பேசினாலே வங்கதேசத்தவர் என்று பலர் நினைப்பது தவறு: மேற்கு வங்கம், திரிபுராவில் கோடிக்கணக்கான இந்தியர்களின் தாய்மொழி அது, அரசமைப்புச் சட்டம் மொழிகளைப் பட்டியலிடும் எட்டாவது அட்டவணையில் தமிழோடு சேர்ந்தே இருக்கிறது.