சொல்லாத எழுத்தை ஏன் எழுத வேண்டும்?

ஐந்தாம் வகுப்பு படிக்கும் மகள் 'நைஃப்' என்று எழுதும்போதெல்லாம் முன்னால் வரும் கே-யை விட்டுவிடுகிறாளாம். திருத்தினால், "சொல்லாத எழுத்தை எதுக்கு எழுதணும்?" என்கிறாளாம். என்ன பதில் சொல்வது என்று ஒரு தாய் கேட்டிருக்கிறார்.

அவள் கேட்டது நியாயமான கேள்வி அம்மா, திட்டாதீர்கள். அந்தக் கே ஒரு காலத்தில் ஒலித்த எழுத்து. டென்மார்க், நார்வே, ஸ்வீடன் பக்கமிருந்து வந்து இங்கிலாந்தில் குடியேறிய வைக்கிங்குகளின் மொழியிலிருந்து வந்த சொல் அது. ஸ்வீடன்காரர்கள் இன்றும் கத்தியை 'க்னீவ்' என்றுதான் சொல்கிறார்கள். 'இரவு' என்ற பொருளில் வரும் 'நைட்'டில் உள்ள ஜிஹெச்சும் அப்படித்தான். தொண்டையில் உரசி வரும் ஒலி அது, ஏறக்குறைய 'நிஹ்ட்' என்று சொன்னார்கள்.

இங்கிலாந்தின் முதல் அச்சாளரான வில்லியம் காக்ஸ்டன் 1476-இல் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் தொடங்கினார். அப்போது அந்தக் கே உயிரோடுதான் இருந்தது. அச்சுப் புத்தகங்கள் பெருகப் பெருக எழுத்துக்கூட்டல் மெல்ல நிலைத்துவிட்டது. நாக்கு அதற்குக் காத்திருக்கவில்லை. 17-ஆம் நூற்றாண்டு வாக்கில் என்-னுக்கு முன்னால் இருந்த கே பேச்சிலிருந்து உதிர்ந்தது, தாளில் மட்டும் தங்கிவிட்டது.

வீட்டில் ஒன்று செய்யுங்கள். எழுதிப் பழகும்போது மட்டும் பழைய ஆட்கள் மாதிரி வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள்: க்-நைஃப், க்-நீ, க்-நாக். முழங்கால், கதவைத் தட்டுவது, முடிச்சு, தெரிந்துகொள்வது எல்லாமே இந்தக் குடும்பம்தான். சேர்த்துப் படித்தால் ஒன்று மற்றொன்றை இழுத்துக்கொண்டு வரும்.

ஆனால் கடனைக் குறிக்கும் 'டெட்'டுக்கு இந்த வழி சரிவராது. அதில் உள்ள பி-யை ஆங்கிலத்தில் யாருமே உச்சரித்ததில்லை. பிரெஞ்சிலிருந்து பி இல்லாமல் வந்த சொல்லுக்குள், மூலம் 'டெபிட்டும்' என்ற லத்தீன் சொல் என்று காட்ட, பின்னால் வந்த அறிஞர்கள் அதைச் செருகினார்கள். இங்கே டெபிட் கார்டைக் காட்டுங்கள், அதில் பி நன்றாகவே கேட்கும். கையெழுத்துப் போடும் 'சைன்'னில் ஜி விட்டுப்போனால் 'சிக்னேச்சர்' என்று ஒருமுறை சொல்லிப் பார்க்கட்டும்.

தீவைக் குறிக்கும் 'ஐலண்ட்'தான் கொஞ்சம் பாவம். பழைய ஆங்கிலத்தில் அதற்கு எஸ்-ஸே கிடையாது. அதே பொருளில் பிரெஞ்சிலிருந்து வந்த வேறொரு சொல்லோடு குழப்பிக்கொண்டு தவறாகச் சேர்த்துவிட்டார்கள். அதை 'இஸ்', 'லேண்ட்' என்று இரண்டாகப் பிரித்து எழுதிப் பழகச் சொல்லுங்கள், போதும்.