ஷவர் சுவருக்குப் பச்சை போர்டு போதாது

வணக்கம் நண்பரே. மாடியில் தடுப்புச் சுவர் எழுப்பிக் குளியலறை கட்டுகிறீர்கள், பச்சை ஜிப்சம் போர்டின் மேலேயே டைல் ஒட்டலாம் என்று தச்சர் சொல்கிறார், சரியா என்று கேட்டிருந்தீர்கள். ஷவர் பக்கம் மட்டும் தயவுசெய்து வேண்டாம்.

பச்சை போர்டு ஈரக் காற்றைத் தாங்கும். தினமும் மேலே விழும் தண்ணீரை அல்ல. உள்ளே இருப்பது தண்ணீரில் ஊறினால் இளகிவிடும் ஜிப்சம்தான். எங்கள் வீட்டில் இதே தவறு நடந்தது. இரண்டே வருடத்தில் குழாய்க்குக் கீழே இருந்த டைலைக் கட்டை விரலால் அழுத்தினால் உள்ளே போனது. பெயர்த்துப் பார்த்தால், போர்டு டீயில் ஊறிய ரஸ்க் மாதிரி கையோடு வந்தது.

ஷவர் சுவர்களுக்கு சிமென்ட் போர்டு போடுங்கள். அது நனைந்தாலும் மட்காது. ஆனால் தண்ணீர் அதன் வழியாகக் கசியும், இதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். இணைப்புகளில் ஃபைபர் மெஷ் டேப் ஒட்டி, டைல் பசையால் நிரப்புங்கள். அப்புறம் வாட்டர்ப்ரூஃபிங் இரண்டு கோட்: முதல் கோட் காய்ந்ததும் இரண்டாவதைக் குறுக்காக அடியுங்கள். தரையும் சுவரும் சேரும் மூலை, குழாய் வெளியே வரும் ஓட்டை, இந்த இரண்டு இடத்திலும் நீங்களே பக்கத்தில் நின்று பாருங்கள். போர்டின் அடி விளிம்பு தரையைத் தொடக்கூடாது. சுமார் 6 மி.மீ. இடைவெளி விட்டு, அதை அடைக்க சீலண்ட் (ரப்பர் போல இறுகும் பசை) வைக்கச் சொல்லுங்கள்.

தண்ணீர் தெறிக்காத மேல்பகுதிக்கும் சீலிங்குக்கும் பச்சை போர்டு தாராளமாகப் போதும்.