சிற்றூர் ஒன்றில் தங்கி, தார் போட்ட சைக்கிள் பாதைகளில் நான்கு நாள் சுற்ற நினைக்கிறேன். ஏற்ற இறக்கமே இல்லாத பாதைக்குத் தனிப் பயிற்சி தேவையா?

தேவைதான். ஆனால் மலைச்சாலைக்குத் தயாராகிற விதம் வேறு, இதற்குத் தயாராகிற விதம் வேறு. சமதளப் பாதையில் முதல் நாள் முடிந்து இறங்கும்போது பலருக்குத் தொடையில் வலியே இருக்காது. உட்காரும் எலும்பும் உள்ளங்கையும் கழுத்தும்தான் கெஞ்சும்.

மலைச்சாலையில் ஏற்றம் வந்தால் எழுந்து நின்று மிதிக்கிறோம், இறக்கம் வந்தால் பெடலை நிறுத்தி வண்டியை உருளவிடுகிறோம். உடம்பின் பாரம் சீட்டிலிருந்து காலுக்கும் காலிலிருந்து கைக்கும் மாறிக்கொண்டே இருக்கிறது. கேட்காமலே கிடைக்கிற ஓய்வு அது. சமதளத்தில் அந்த ஓய்வு கிடையாது. மிதிப்பதை நிறுத்தினால் கொஞ்ச தூரத்தில் வண்டி நின்றுவிடும். நிமிடத்துக்கு 80 சுற்று மிதிக்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டால் ஒரு மணி நேரத்துக்கு 4,800 சுற்று. அத்தனையும் ஒரே நிலையில் உட்கார்ந்தபடி. சீட் உயரம் ஒரு சென்டிமீட்டர் பிசகியிருந்தாலும் முழங்கால் அதை 4,800 தடவை வாங்கிக்கொள்ளும்.

அதனால் தூரத்தைப் பற்றி முதலில் கவலைப்படாதீர்கள், சீட்டில் இருக்கும் நேரத்தைக் கூட்டுங்கள். கிளம்புவதற்கு முன் சில வாரங்களாவது, இரண்டு இரண்டரை மணி நேரம் ஒரே மூச்சில் ஓட்டிப் பழகுங்கள். பயணத்துக்குக் கொண்டுபோகிற அதே சீட், அதே கால்சட்டை, அதே பைகளோடு ஓட்டுங்கள். அதைவிட முக்கியம், அடுத்தடுத்து இரண்டு நாள் ஓட்டிப் பார்ப்பது. முதல் நாளை யாரும் சமாளித்துவிடலாம். இரண்டாம் நாள் காலையில் மறுபடி ஏறி உட்காரும்போதுதான் அந்த சீட் உங்களுக்கு ஒத்துவருமா என்பது தெரியும். மெத்தென்ற சீட்டாகப் பார்த்து வாங்க வேண்டாம். இடுப்பின் உட்காரும் எலும்புகள் இரண்டும் சரியாகப் பதிகிற அகலம் இருந்தால் போதும். மெத்தை அதிகமானால் எலும்பு உள்ளே அமுங்கி, பாரமெல்லாம் நடுவில் உள்ள மென்சதைக்குப் போய்விடும். பேட் வைத்த சைக்கிள் கால்சட்டை போட்டால் உள்ளாடை போடாதீர்கள். அதன் தையல் உரசித்தான் தோல் புண்ணாகிறது.

கையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைப் பலர் கண்டுகொள்வதில்லை. ஹேண்டில்பாரை நீண்ட நேரம் ஒரே மாதிரி பிடித்திருந்தால் முதலில் சுண்டுவிரல் மரத்துப்போகும், பிறகு மோதிர விரலில் அதை ஒட்டிய பாதி. உள்ளங்கையின் சுண்டுவிரல் பக்க ஓரமாக, மணிக்கட்டுக்குச் சற்று மேலே ஓடுகிற அல்நார் நரம்பு அழுந்துவதால் வருவது இது. ஓரிரு நிமிடம் கையை உதறினால் சரியாகிவிடும், மறுபடி பிடித்ததும் திரும்ப வரும். அப்படியே விட்டால் சட்டைப் பொத்தான் போடுவதற்கே சிரமப்படுகிற அளவுக்குப் போகலாம், வாரக்கணக்கில் நீடிக்கவும் செய்யலாம். என் பழக்கம், பத்து நிமிடத்துக்கு ஒரு முறை பிடியை மாற்றுவது, கூடவே ஐந்தாறு மிதி எழுந்து நின்று மிதிப்பது. சாலை நிற்கச் சொல்லாத இடத்தில் நாமே நின்றுகொள்ள வேண்டும். நேர்க்கம்பி ஹேண்டில்பார் என்றால் இரு முனையிலும் கொம்பு மாதிரிச் சிறு கம்பிகளைப் பொருத்திக்கொண்டால் இன்னொரு பிடி கிடைக்கும்.

ஏற்ற இறக்கமே இல்லை என்பதும் முழு உண்மை கிடையாது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இப்படிப்பட்ட பாதைகளில் பல, ரயில் நின்றுபோன தடங்கள். இரும்புத் தண்டவாளத்தில் இரும்புச் சக்கரத்துக்குப் பிடிமானம் குறைவு என்பதால் ரயில் தடத்தைச் செங்குத்தாகப் போட முடியாது. பெரும்பாலும் 100 மீட்டருக்கு ஒன்றிரண்டு மீட்டர்தான் ஏறும். கண்ணுக்கு அது தெரியவே தெரியாது, காலுக்குத் தெரியும். கணக்குப் பார்ப்போம். ஆள், வண்டி, பைகள் எல்லாம் சேர்த்து 100 கிலோ, வேகம் மணிக்கு 20 கிலோமீட்டர். காற்றில்லாத சமதளத்தில் இதற்குச் சுமார் 90 முதல் 100 வாட் போதும். வெறும் 1 சதவீத ஏற்றம் அதன் மேல் 55 வாட்டைக் கூட்டிவிடும். "இன்றைக்கு உடம்பு சரியில்லையோ, பிரேக் உரசுகிறதோ" என்று சந்தேகம் வரும் இடங்கள் இவைதான். கியரைக் குறைத்து, அதே சுற்று வேகத்தில் மிதித்துக்கொண்டு போங்கள். வேகம் குறைந்தால் குறையட்டும்.

ஜெர்மனியின் ஆஹன் நகரில் தொடங்கி பெல்ஜியம் வழியாக லக்சம்பர்க் வரை போகிற ஃபென்பான் இதற்கு நல்ல உதாரணம். சுமார் 125 கிலோமீட்டர், தார் போட்ட ரயில் தடம். ஆஹனிலிருந்து கிளம்பினால் வழி மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே போய் மேட்டு நிலத்தை எட்டுகிறது. (முதல் உலகப் போருக்குப் பின் இந்தத் தடம் பெல்ஜியத்துக்குக் கொடுக்கப்பட்டது. ரயில் நின்றுபோன பின்னும் அது பெல்ஜிய மண்தான். அதனால் தடத்துக்கு மேற்கே ஜெர்மனியின் சில துண்டு நிலங்கள் இன்றும் தனியாக மாட்டிக்கொண்டிருக்கின்றன.) வழியில் மோன்ஷாவ் என்ற அழகான சிற்றூர் இருக்கிறது. ஊர் ஆற்றுப் பள்ளத்தில், பாதையோ மேலே மலை விளிம்பில். அங்கே தங்கினால் மறுநாளின் மிகக் கடுமையான ஏற்றம் காலையில் ஊரிலிருந்து பாதைக்குத் திரும்புவதுதான். தங்குமிடம் தேடும்போது தூரத்தை மட்டும் பார்க்காமல் பாதைக்கும் ஊருக்கும் உள்ள உயர வித்தியாசத்தையும் பாருங்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

ஒரே ஊரில் தங்கிச் சுற்றுவது உங்கள் எண்ணம் என்பதால், நேர்கோட்டுப் பாதையின் நுனியில் உள்ள ஊரைவிடப் பாதைகள் பிரிகிற இடத்துக்குப் பக்கத்து ஊர் மேல். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் உள்ள லேன்ஸ்பரோ ஆயிரம் பேர்கூட இல்லாத ஊர். ரூட் ரிவர் பாதை ஊருக்குள்ளேயே போகிறது. ஒரு பக்கம் ஆற்றோடு இறங்கலாம், மறுபக்கம் மேட்டுநிலம் நோக்கி ஏறலாம். சற்றுத் தள்ளி ஹார்மனி-பிரஸ்டன் வேலி பாதையும் அதில் வந்து சேர்கிறது. தினமும் பைகளை அறையிலேயே வைத்துவிட்டு ஒவ்வொரு திசையாகப் போய்வரலாம். புதியவர்களுக்கு இந்த ஏற்பாட்டைத்தான் நான் முதலில் சொல்வேன்.

போய்வரும் பயணத்தில் எந்தத் திசையில் முதலில் போவது என்பதற்கு ஏற்றத்தைவிடக் காற்றைக் கேளுங்கள். 20 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது எதிரே 15 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வந்தால் உடம்பில் மோதுவது 35 கிலோமீட்டர் காற்று. எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுவதால், காற்றில்லாத நேரத்தைப் போல மும்மடங்காகிவிடும். காலையில் எதிர்காற்றில் போய், களைத்த பிறகு அது முதுகில் தள்ள வீடு திரும்புவதுதான் சுகம்.

தார் போட்டது என்றதும் வழவழப்பாக இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். மரங்கள் அடர்ந்த பாதைகளில் வேர் தாரைக் கீழிருந்து தூக்கும். பாதைக்குக் குறுக்கே விரல் உயரத்துக்கு ஒரு வரப்பு எழும்பி, அதன் உச்சி வெடித்திருக்கும். நண்பகலில் பார்த்துவிடலாம். மாலை வெயில் சாய்ந்ததும் அடிமரங்களின் நிழல்கள் அதே மாதிரி குறுக்குக் கோடுகளாக விழும், நிழல் எது வரப்பு எது என்று பிரித்தறியவே முடியாது. அந்த நேரத்தில் வேகத்தைக் குறைத்து, முழங்கையைத் தளர்த்தி, எடையைப் பெடலில் ஏற்றி ஓட்டுங்கள். 35 முதல் 40 மில்லிமீட்டர் அகல டயரும் சற்றுக் குறைந்த காற்றும் இந்த இடத்தில்தான் கைகொடுக்கும். ஒல்லி டயரைக் கல் போலக் காற்றடித்து வைத்தால் அதிர்ச்சி முழுவதும் மேலே சொன்ன அந்த நரம்புக்கே போகும்.

பாதை சாலையைக் கடக்கும் இடங்களில் கார் நுழையாமலிருக்க நடுவில் ஒரு கம்பம் நட்டிருப்பார்கள். முன்னால் போகிறவரின் முதுகு அதை மறைத்துவிடும், அவர் கடைசி நொடியில் விலகுவார், பின்னால் வருகிறவர் நேராகப் போய் மோதுவார். குழுவாகப் போனால் கம்பத்தைக் கண்டதும் உரக்கச் சொல்லும் பழக்கம் கட்டாயம் வேண்டும். நனைந்த மரப்பாலத்தில் திருப்பவும் கூடாது, பிரேக்கை அழுத்தவும் கூடாது.

இன்னொன்று, பாதையை விட்டு இறங்குவதற்கு முன் அறிவிப்புப் பலகையைப் படியுங்கள். அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் முல்லனிலிருந்து பிளம்மர் வரை 115 கிலோமீட்டருக்கு மேல் போகிற கோர் டலேன்ஸ் பாதை, வெள்ளி, ஈயச் சுரங்கங்களுக்காகப் போட்ட ரயில் தடம். சுரங்கக் கழிவில் இருந்த ஈயம் தடத்து மண்ணிலேயே கலந்திருந்தது. அந்த மண்ணை மூடி வைக்கிற வேலையையும் அங்குள்ள தார்தான் செய்கிறது. குறித்த இடங்களில் மட்டும் உட்காருங்கள், சாப்பிடும் முன் கை கழுவுங்கள் என்று அங்கே சொல்வது அதனால்தான். ஏரிகளையும் ஆற்றையும் ஒட்டிப் போகிற அத்தனை அழகான பாதை அது. மூஸ் என்கிற பெரிய மானினம் அங்கே சாதாரணமாகத் தென்படும். பார்த்தால் நெருங்காதீர்கள், அது நகரும்வரை நின்றுவிடுங்கள்.

தூரம் என்று கேட்டால், முதல் நாள் 40 கிலோமீட்டர், இரண்டாம் நாள் 55, மூன்றாம் நாள் வேண்டுமென்றே 25, நான்காம் நாள் மனம் போல. நின்று பார்க்கும் நேரத்தையும் சேர்த்து மணிக்கு 12 முதல் 15 கிலோமீட்டர் என்றே கணக்கு வையுங்கள். சிற்றூர்களில் கடைகள் சீக்கிரம் மூடிவிடும், அதனால் தண்ணீரைக் கிளம்பும் இடத்திலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். உபரி டியூப் ஒன்று, டயர் கழற்றும் லீவர், பம்ப், செயின் இணைப்பு ஒன்று, இவற்றோடு சுரங்கப்பாதை இருந்தால் விளக்கும் மெல்லிய ஜாக்கெட்டும் வேண்டும். கோடையிலும் உள்ளே குளிரும்.