வருமான வரி ரீஃபண்டைப் பழைய வரிப் பாக்கியில் கழித்துக்கொள்வதாகத் துறையிடமிருந்து மின்னஞ்சலில் நோட்டீஸ் வந்தால் பேசாமல் இருந்துவிடலாமா?

கூடவே கூடாது. அந்த மின்னஞ்சலுக்கு நீங்கள் பதில் தராவிட்டால், பாக்கியை ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டு ரீஃபண்டைக் கழித்துவிடுவார்கள்.

இதற்கான அதிகாரம் 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 245ஆம் பிரிவில் இருக்கிறது. எழுத்து மூலம் தெரிவித்துவிட்டுத்தான் கழிக்க வேண்டும் என்ற நிபந்தனையும் அதே பிரிவில் உண்டு. முன்பு பலருக்கு அதுகூடத் தெரிவிக்காமல் கழித்தார்கள். 2013இல் டெல்லி உயர் நீதிமன்றம் தலையிட்டு, வரி செலுத்துபவரின் பதிலைக் கேட்டுப் பரிசீலிக்க வேண்டும் என்றது. அப்படிக் கிடைத்த வாய்ப்பை வீணாக்குவது எனக்குப் பொறுக்கவில்லை.

என் அக்கா வேலை பார்த்த தனியார் நிறுவனம் மாதந்தோறும் சம்பளத்தில் டிடிஎஸ் (சம்பளம் தரும்போதே பிடிக்கும் வருமான வரி) பிடித்தது, அரசுக்குக் கட்டவில்லை. ஒருவர் பெயரில் கட்டப்பட்ட வரியைக் காட்டும் படிவம் 26ஏஎஸ்-இல் அந்தத் தொகை ஏறாததால் அவர் பெயரில் பாக்கி எழுதப்பட்டது. பின்னர் வேறோர் ஆண்டுக்கு வரவேண்டிய ரீஃபண்டை அதற்காகக் கழிக்கப் பார்த்தார்கள். உழைத்தவரிடமே அதே வரியை இரண்டாம் முறை கேட்பது அநியாயம். சட்டமும் அப்படித்தான் சொல்கிறது: பிடித்தம் செய்யப்பட்ட வரியை ஊழியரிடம் மறுபடி கேட்கக் கூடாது என்கிறது 205ஆம் பிரிவு. அக்கா வருமான வரித் துறை இணையதளத்தில் 'பாக்கியை ஏற்கவில்லை' என்று பதிந்து, சம்பளச் சீட்டுகளையும் வங்கிக் கணக்கு விவரத்தையும் காட்டி மதிப்பீட்டு அதிகாரிக்கும் எழுதினார். ரீஃபண்ட் வந்து சேர்ந்தது.

'பாக்கி சரி' என்பதை மட்டும் யோசிக்காமல் அழுத்திவிடாதீர்கள். பிறகு மறுக்க வழியிருக்காது. பாக்கி உண்மையாகவே உங்களுடையது என்றால், கழித்துக்கொள்ள விடுவதே நல்லது. ரீஃபண்டுக்குத் துறை தரும் வட்டி மாதம் அரை சதவீதம். நீங்கள் கட்ட வேண்டிய பாக்கிக்கோ மாதம் ஒரு சதவீதம்.

எந்த ஆண்டுப் பாக்கி என்றும் பாருங்கள். 2009-10 நிதியாண்டு வரையிலான 25,000 ரூபாய்க்கு உட்பட்ட பாக்கிகளையும், 2010-11 முதல் 2014-15 வரையிலான 10,000 ரூபாய்க்கு உட்பட்டவற்றையும் கேட்காமல் கைவிடுவதாக 2024 இடைக்கால பட்ஜெட்டில் அறிவித்தார்கள். ஒருவருக்கு மொத்தம் ஒரு லட்சம் ரூபாய் வரை இந்தச் சலுகை உண்டு.

வங்கிக் கடனுக்கும் பிடிப்பார்களா என்று கேட்டிருந்தீர்கள். அமெரிக்காவில் கல்விக் கடன், குழந்தை பராமரிப்புத் தொகை போன்றவற்றுக்கும் வரி ரீஃபண்டைப் பிடிக்கிறார்கள். இங்கே 245ஆம் பிரிவு வருமான வரிப் பாக்கிக்கு மட்டும்தான். ஆனால் கடன் தவணை நிலுவையில் உள்ள வங்கியிலேயே ரீஃபண்ட் வந்து சேரும் கணக்கும் இருந்தால், அந்த வங்கி தன் பாக்கிக்கு அதை எடுத்துக்கொள்ள வாய்ப்புண்டு. முடிந்தால் வேறு வங்கிக் கணக்கைக் கொடுங்கள்.

ஏற்கெனவே கழித்துவிட்டார்கள் என்றால், 154ஆம் பிரிவின்கீழ் திருத்தக் கோரி மனு போடுங்கள். நோட்டீஸில் எந்த மதிப்பீட்டு ஆண்டு, பாக்கிக்கு என்ன காரணம் என்பதைக் கருத்துப் பகுதியில் எழுதினால் தெரிந்தவரை சொல்கிறேன். பான் எண்ணை மட்டும் இங்கே போடாதீர்கள்.