வாசகர் கேள்வி பதில்: சோற்றுருண்டையும் தெம்புராவும்

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கடையைப் பற்றியவை. மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் கடைத்தெருவில், சம்பள நாளில் தோட்டத்து மக்கள் துணியெடுக்க வந்துபோன பழைய கடைவீடு ஒன்றில், ஆறே மேசைகளுடன் ஒரு சிறிய ஜப்பானிய உணவகம் திறந்திருக்கிறார்கள். ஒனிகிரி எனப்படும் சோற்றுருண்டையும், தெம்புரா எனப்படும் மாவில் தோய்த்த பொரியலும்தான் அங்கே முக்கிய உணவு. நானும் இருமுறை போய்ச் சாப்பிட்டுவிட்டேன் என்பதால் இந்த இதழில் அந்தக் கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: ஐயா, காய்கறியை மாவில் தோய்த்து எண்ணெயில் போட்டால் அதற்குப் பெயர் பஜ்ஜி. அதையே ஐந்து துண்டு தட்டில் அடுக்கிப் பதினெட்டு ரிங்கிட் கேட்கிறார்கள். பெயரை மாற்றியதற்கா இந்த விலை?
- ஓய்வுபெற்ற கிராணி, சுங்கை சிப்புட்

பதில்: விலையைப் பற்றி நான் உங்களோடு வாதாடப் போவதில்லை. ஆனால் அது பஜ்ஜி அன்று. பஜ்ஜிக்கு நாம் கரைப்பது கடலை மாவு. அதில் கோதுமைக்குரிய பசைப்புரதம் (குளுட்டன்) கிடையாது என்பதால் எவ்வளவு அடித்துக் கரைத்தாலும் கெடாது, அடிக்க அடிக்க இன்னும் நன்றாகவே வரும். தெம்புராவுக்கு எடுப்பதோ கோதுமை மாவு. அதைத் தண்ணீர் விட்டுப் பிசைந்தால் பசைப்புரதம் இழைந்து ரொட்டி மாவைப்போல இழுக்கும் என்பதற்காகவே, புரதம் குறைந்த மென்மாவைத் தேர்ந்தெடுத்து, பனிக்கட்டி போட்ட தண்ணீரில் முட்டையை அடித்துக் கலந்து, அதில் மாவைக் கொட்டி, சாப்பாட்டுக் குச்சியால் நாலு சுற்று மட்டும் கலக்கிவிட்டு நிறுத்திவிடுவார்கள். அங்கங்கே மாவு கட்டியாக மிதக்கும். நம் வீட்டில் மருமகள் இப்படிக் கரைத்தால் மாமியார் முகம் எப்படிப் போகும் என்று சொல்லத் தேவையில்லை. ஜப்பானியச் சமையற்காரரோ அந்தக் கட்டிகளைக் குற்றமாகவே நினைப்பதில்லை. குளிர்ந்த மாவு 170 முதல் 180 பாகை செல்சியஸ் வரை காய்ந்த எண்ணெயில் விழும்போது அதிலுள்ள நீர் சட்டென்று ஆவியாகிப் பறந்துவிட, மெல்லிய, நொறுங்கும் மேலுறை மட்டும் மிஞ்சுகிறது; உள்ளேயிருக்கும் காயோ தன் ஈரத்திலேயே வெந்துவிடுகிறது.

இன்னொரு வேறுபாடும் உண்டு. பஜ்ஜியில் சுவை மாவில் இருக்கிறது. மிளகாய்த்தூள், பெருங்காயம், ஓமம் எல்லாம் அங்கேதான். தெம்புரா மாவில் வழக்கமாக உப்புகூடப் போடுவதில்லை. ஆகவே வெறுமனே கடித்துவிட்டுச் சப்பென்று இருக்கிறது என்று சொல்வது முறையன்று. துருவிய வெள்ளை முள்ளங்கியைக் கூடவே வரும் சாற்றில் கரைத்து அதில் தொட்டுக்கொள்ள வேண்டும். அல்லது உப்பைத் தொட்டுக்கொள்ளலாம். அந்த முள்ளங்கி அழகுக்கு வைத்தது என்று எண்ணி முதல்முறை அதை நான் ஒதுக்கி வைத்தேன். போதாக்குறைக்கு, தட்டு வந்த பிறகு கால் மணி நேரம் நண்பரோடு பேசிக்கொண்டிருந்துவிட்டு, மேலுறை நமுத்துப்போனதற்குக் கடைக்காரரை மனத்துக்குள் திட்டினேன். இரண்டாம்முறை தட்டு வந்தவுடன் சாப்பிட்டபோதுதான் தவறு யாருடையது என்று விளங்கியது. ஜப்பானில் தெம்புராவுக்கென்றே உள்ள கடைகளில் வாடிக்கையாளரை அடுப்புக்கு எதிரே உட்காரவைத்து ஒவ்வொரு துண்டாகப் பொரித்துப் பரிமாறுவதும் இதனால்தான்.

கேள்வி: புரட்டாசி மாதம் முழுவதும் எங்கள் வீட்டில் சைவம். காய்கறித் தெம்புராவும் உள்ளே எதுவும் வைக்காத சோற்றுருண்டையும் சாப்பிடலாம் அல்லவா?
- ஆசிரியை, கோலகங்சார்

பதில்: பார்வைக்குச் சைவம்தான், ஆனால் மூன்று இடங்களில் இடறும். மாவில் பெரும்பாலும் முட்டை உண்டு. இறால் பொரித்த எண்ணெயிலேயே கத்தரிக்காயும் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் பொரிபடும். சிறிய கடையில் தனி எண்ணெய்ச்சட்டியை எதிர்பார்க்க முடியாது. மூன்றாவதுதான் பலருக்கும் தெரியாதது. தொட்டுக்கொள்ளும் சாறு, மீசோ என்ற புளித்த சோயா விழுதில் செய்யும் சூப்பு, ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் அடித்தளம் தாஷி என்னும் வடிசாறு. கொம்பு என்ற கடற்பாசியையும், சூரை மீனை வேகவைத்துப் புகையிட்டுக் காயவைத்துச் சீவிய செதில்களையும் வெந்நீரில் ஊறவைத்து அதை வடிக்கிறார்கள். நம்மவர்களில் மாசிக் கருவாடு தெரிந்தவர்கள் உடனே புரிந்துகொள்வார்கள்; இரண்டும் நெருங்கிய உறவுக்காரர்கள். 1908இல் கிக்குனே இக்கேடா என்ற வேதியியல் பேராசிரியர், கொம்பு வடிசாற்றின் சுவைக்குக் காரணமான குளுட்டமேட்டைப் பிரித்தெடுத்து அந்தச் சுவைக்கு உமாமி என்று பெயரிட்டார். அதைத் தொடர்ந்து அடுத்த ஆண்டு விற்பனைக்கு வந்ததுதான் நம் சமையலறைகளில் ஒரு காலத்தில் உப்புக்குப் பக்கத்திலேயே இருந்த அஜினோமோட்டோ.

மீன் சேராத, கொம்பும் காளானும் மட்டும் இட்ட தாஷியும் உண்டு. ஜப்பானியப் பௌத்த மடங்களின் சைவச் சமையலில் அதுவே வழக்கம். உங்கள் கடையில் அது இருக்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வெறும் உப்புச் சோற்றுருண்டையில் சிக்கல் இல்லை. மற்றபடி என்னைக் கேட்டால், புரட்டாசி முடியட்டும். கடை எங்கும் ஓடிவிடாது. மது தொடாதவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அந்தச் சாற்றில் மிரின் என்ற இனிப்பு அரிசி மது சேர்ப்பது மரபு.

கேள்வி: ஒனிகிரியும் சுஷியும் ஒன்றுதானே?
- கல்லூரி மாணவர், ஈப்போ

பதில்: இல்லை, தம்பி. சுஷிச் சோற்றில் புளிக்காடி, சர்க்கரை, உப்பு மூன்றும் கலந்திருக்கும். ஒனிகிரிச் சோற்றில் உப்பு மட்டும். குச்சியும் வேண்டாம், கையாலேயே எடுத்துக் கடிக்கலாம். இதை நான் சொன்ன பிறகுதான் என் மனைவி அந்தக் கடைக்கு வரச் சம்மதித்தார்.

கேள்வி: எண்ணெயில் பொரிக்கும் இந்த முறையை ஜப்பானியர்களுக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் போர்த்துகீசியர் என்று மகன் சொல்கிறான். உண்மையா?
- இல்லத்தரசி, சுங்கை சிப்புட்

பதில்: பெரும்பாலோர் ஏற்பது அதுதான். போர்த்துகீசியர் முதன்முதலில் ஜப்பானில் கால்வைத்தது 1543இல். கத்தோலிக்கர்கள் இறைச்சியைத் தவிர்க்கும் நோன்பு நாள்களை இலத்தீனில் தெம்போரா என்பார்கள். அந்நாள்களில் அவர்கள் மீனையும் காயையும் மாவில் தோய்த்துப் பொரித்து உண்டதிலிருந்து இந்தப் பெயர் வந்தது என்பது பரவலான விளக்கம். வேறு விளக்கங்களும் உண்டு. பின்னர் எடோ நகரத்தில், அதாவது இன்றைய தோக்கியோவில், அது தெருவோரத் தள்ளுவண்டித் தீனியாகக் குச்சியில் குத்தி விற்கப்பட்டது. மரத்தால் கட்டிய வீடுகள் நிறைந்த நகரத்தில் கொதிக்கும் எண்ணெயை வீட்டுக்குள் வைப்பது ஆபத்து என்பதும் அதற்கு ஒரு காரணம். வாழைப்பழம் பொரித்து விற்கும் நம் ஊர் பீசாங் கோரெங் வண்டியை நினைத்துக்கொள்ளுங்கள், படம் தெளிவாகிவிடும்.

கேட்டது இவ்வளவுதான், ஆனாலும் ஒன்றைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. ஜப்பானுக்கு முதலில் கிறிஸ்தவம் கொண்டுசென்ற பிரான்சிஸ் சேவியர், அதற்கு முன்பு முத்துக்குளித்துறையில் பரதவர்களிடையே பணியாற்றியவர். அவர் அஞ்ஜிரோ என்ற ஜப்பானியரை 1547இல் சந்தித்தது நம் மலாக்காவில். அவரோடுதான் 1549இல் ககோஷிமாவில் போய் இறங்கினார். தமிழ்க் கடற்கரையும் மலாக்காவும் ஜப்பானும் அன்றே ஒரே கப்பல் தடத்தில் இருந்தன.

கேள்வி: எனக்கு வயது எழுபத்தெட்டு. என் தந்தை தோட்டத்திலிருந்து சயாம் மரண ரயிலுக்குப் பிடித்துச் செல்லப்பட்டு, உயிரோடு திரும்பிய சிலரில் ஒருவர். ஜப்பானியச் சிப்பாய்கள் சோற்றை உருட்டித் தின்பதைத் தாங்கள் பசியோடு பார்த்துக்கொண்டு நின்றதாகச் சொல்வார். இப்போது பேத்தி என்னை அந்தக் கடைக்குக் கூப்பிடுகிறாள். போவது அவருக்குச் செய்யும் துரோகமாகுமா?
- பெயர் வேண்டாம், சுங்கை சிப்புட் அருகே

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தை இரண்டு நாள் கையில் வைத்திருந்தேன். இரண்டாம் உலகப் போரின்போது சயாமையும் பர்மாவையும் இணைக்க ஜப்பானிய இராணுவம் 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் இணைத்து முடித்த, ஏறத்தாழ 415 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதையில் நம் தோட்டத் தமிழர்கள் பல்லாயிரவர் கொள்ளைநோயாலும் பசியாலும் அடியாலும் மடிந்தார்கள். பலருக்குக் கல்லறைகூட இல்லை. அதை மறந்துவிடச் சொல்ல எனக்கு உரிமை கிடையாது.

ஆனால் அந்த உருண்டைச் சோறு சிப்பாய்களின் கண்டுபிடிப்பன்று. வயலுக்குப் போகும் உழவரும் வழிநடைப் பயணியரும் கட்டிக்கொண்டு போன சோறு அது. இஷிக்காவா மாநிலத்தில் ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முந்திய கரிந்த சோற்றுக்கட்டி ஒன்று 1987இல் அகழ்ந்தெடுக்கப்பட்டிருக்கிறது. விடியற்காலைப் பெரட்டுக்கு, அதாவது தோட்டத்து ஆள்கணக்கெடுப்புக்கு, தூக்குச்சட்டியோடு ஓடிய நம் பெண்களின் பழைய சோற்றுக்கும் அதற்கும் தொலைவு அதிகமில்லை. போவதா வேண்டாமா என்பது உங்கள் முடிவு; போகாமல் இருப்பதும் குற்றமன்று. போனால், தட்டு வருமுன் உங்கள் தந்தையைப் பற்றிப் பேத்தியிடம் சொல்லுங்கள். வேண்டாமென்று முடிவெடுத்தாலும் அதைச் சொல்லிவிட்டு மறுங்கள். பாட்டிக்கு வெளிநாட்டுச் சாப்பாடு பிடிக்காது என்று மட்டும் அவள் நினைத்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: பிள்ளைக்குப் பள்ளிச் சாப்பாட்டுப் பெட்டியில் வைக்க ஒனிகிரியை வீட்டிலேயே செய்ய முடியுமா? பொன்னி அரிசியில் முயன்றேன், உதிர்ந்துவிட்டது.
- வங்கி ஊழியை, ஈப்போ

பதில்: பொன்னி உதிரத்தான் செய்யும், உதிர வேண்டும் என்பதற்காகத்தானே அதை நாம் வாங்குகிறோம். புலுட் எனப்படும் ஒட்டரிசியும் வேண்டாம், பிசுபிசுத்துவிடும். பேரங்காடிகளில் கிடைக்கும் குட்டையான ஜப்பானிய அரிசியை வாங்கி, தண்ணீர் தெளியும்வரை கழுவி, அரை மணி நேரம் ஊறவைத்து, ஒரு கோப்பை அரிசிக்கு ஒரு கோப்பைக்குச் சற்றே கூடுதலாகத் தண்ணீர் விட்டு வேகவையுங்கள். மூடியைத் திறக்காமல் பத்து நிமிடம் அப்படியே விடுங்கள். சூடு கை தாங்கும் பதத்துக்கு வந்ததும், உள்ளங்கையை நனைத்து உப்பைத் தடவிக்கொண்டு, நடுவில் பூரணம் வைத்து, மூன்று நான்கு முறை திருப்பித் திருப்பி மெல்ல அழுத்தினால் போதும். கொழுக்கட்டைக்கு அழுத்துவதுபோல அழுத்தினால் நடுவில் கல்லாகிவிடும். ஆறிய சோற்றில் இது கைகூடாது.

பூரணத்துக்கு ஜப்பானியர் வைக்கும் உமெபோஷி என்ற உப்புக் காய் நம் உப்பு நார்த்தங்காயைப் போன்றது. அதையே சிறிது கிள்ளி வைத்துப் பாருங்கள். நன்றாக வறண்ட நெத்திலிச் சம்பலும் பொருந்தும். எண்ணெய் சொட்டும் சம்பல் என்றால் உருண்டை பிளந்துகொள்ளும். கடற்பாசித் தாளைக் காலையிலேயே சுற்றிவிடாமல் தனியாகக் கொடுத்தனுப்புங்கள். சாப்பிடும்போது பிள்ளையே சுற்றிக்கொண்டால் அது மொறுமொறுவென்று இருக்கும். குளிர்பெட்டியில் முதல்நாள் இரவே செய்து வைக்கும் எண்ணமிருந்தால் விட்டுவிடுங்கள், குளிரில் அந்தச் சோறு விறைத்துப்போகும். காலையில் கொஞ்சம் முன்னதாகவே எழுந்துதான் ஆக வேண்டும்.